வள்ளத்தில் நிழலுக்கு அனுமதி

பொதுமக்கள் கொடுக்கும் மனுவுக்கு மூன்று நாள்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடிவெடுத்து மனுதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முடிவெடுக்க முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்பதையாவது தெரிவிக்க வேண்டும். விதி இவ்வளவுதான். அரசு அலுவலகங்களில் காலம் தள்ளிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சுற்றறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் எல்லா இருக்கைகளுக்கும் சுற்றுக்கு விட்டு, படித்ததற்கு அடையாளமாகச் சுருக்கொப்பம் வாங்கிக் கோப்பில் கட்டி வைத்தவன். சுருக்கொப்பம் போட்டவர்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்று என்னிடம் கேட்கக் கூடாது. நானே முதல் ஆண்டில் மட்டும்தான் படித்தேன்.

மனுவின் பொருள், குளச்சலில் பதிவு பெற்ற ஒரு ஃபைபர் வள்ளத்தில் வெயில் படாமலிருக்கப் பந்தல் கட்டிக்கொள்ள அனுமதி கோருவது. மனுதாரர் வள்ளத்தின் உரிமையாளர். எழுதியவன் நான்.

ஓய்வு பெற்ற பிறகு தினமும் நடக்கச் சொன்னார் மருத்துவர். நடப்பவர்களோடு பேச வேண்டியிருந்தது. எல்லோரும் ஓய்வூதியத்தைப் பற்றியே பேசினார்கள். அதைவிடக் கடல் பரவாயில்லை என்று தோன்றியது. எங்கள் தெருவுக்குப் பின்னால், கடலோரத்தில் குடியிருக்கும் வள்ளக்காரர் ஒருவர் பழக்கம். அவருடைய மச்சினன் கல்ஃபுக்குப் போய்விட்டதால் வள்ளத்தில் ஓர் ஆளுக்கு இடமிருந்தது. வாரம் இரண்டு நாள் விடிந்ததும் கிளம்பி, கடலுக்கடியில் பாறை இருக்கும் இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டு, உச்சி சாயும்வரை தூண்டில் போடுவோம். நவரை, விளமீன், கிளாத்தி. நான் பிடித்ததில் பாதி, விலை குறைந்த கிளாத்தி.

கடலில் வெயில் இரண்டு முறை விழும். மேலிருந்து ஒன்று, தண்ணீரில் பட்டுக் கீழிருந்து ஒன்று. தொப்பி தடுப்பது முதலாவதை மட்டும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துளையின் ஓரத்திலும் தோல் உரிந்தபோதுதான் இது எனக்கு விளங்கியது. அதன்பின் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தானையும் போட்டு, கழுத்தை மறைக்கும் துணி தொங்குகிற தொப்பி ஒன்றை நாகர்கோவிலில் வாங்கினேன். வெயில் தடுக்கும் களிம்பு ஒரு குப்பியும் வாங்கினேன். அட்டையில் ஓர் எண் போட்டிருந்தது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்று கடைக்காரரைக் கேட்டேன். "கூடினா நல்லது சார்" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம்.

வள்ளக்காரருக்குக் களிம்பு பிடிக்கவில்லை.

"சாரே, அந்தக் குழம்பு தொட்ட கையோட இரையத் தொடாதீங்க."

"ஏன்வே? மீனுக்கு மூக்கு உண்டுமா?"

"உங்களுக்கு வாசன பிடிக்காத சாப்பாட்ட நீங்க தொடுவீங்களா? அதுக்கும் அப்படித்தான்."

மீன் கிடைக்காத நாளுக்கு ஒரு காரணம் வேண்டும், அதற்கு என் கையைப் பிடித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு நோட்டில் களிம்பு போட்ட நாள், போடாத நாள் என்று இரண்டு பத்தி பிரித்துப் பிடித்த மீனை எழுதி வந்தேன். போடாத நாள்களில் கிளாத்தி கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. இதை அவரிடம் சொல்லவில்லை.

அவருடைய முறை வேறு. தலையில் ஒரு தோர்த்து. அதை அடிக்கடி கடலில் முக்கிப் பிழிந்து சுற்றிக்கொள்வார். உட்காரும் பலகையில் நனைத்த சாக்கு. குடிதண்ணீர்க் கேனுக்கு ஈரத் துணி சுற்றி, வள்ளத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டே இருப்பார். பத்து மணி வாக்கில் தூக்குவாளியைத் திறந்து, உப்பும் சின்ன உள்ளியும் போட்ட பழங்கஞ்சி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, என் களிம்பைவிட நன்றாகவே வேலை செய்தது. தோர்த்து காயக் காய உப்பு மட்டும் இமையில் வெள்ளையாகப் படியும். அதைப் புறங்கையால் தேய்த்துவிட்டுக்கொள்வார். கல்ஃபிலிருந்து மச்சினன் அனுப்பிய கறுப்புக் கண்ணாடி வீட்டில் இருந்தது. கடலில் விழுந்துவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். கல்யாண வீடுகளுக்குப் பந்தலுக்குள் உட்கார்ந்திருக்கும்போது போட்டுக்கொள்வார்.

சில மாதங்களில் அவர்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நங்கூரம் போடும் இடத்தைக் கரை அடையாளம் வைத்துத்தான் பிடிப்பார்கள். கோவில் கோபுரம் வேளிமலை உச்சிக்கு நேரே வர வேண்டும். அதே நேரத்தில் மேற்கே ஐஸ் பிளாண்டின் தண்ணீர்த் தொட்டி ஒரு தென்னந்தோப்பின் விளிம்புக்கு நேரே வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்துக்குக் கீழே பாறை. இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் அவரிடம் இருந்தது. அதில் இடத்தைப் பதிந்துவைத்தால் கருவியை எடுத்தவனுக்கெல்லாம் அந்த இடம் சொந்தமாகிவிடும் என்று தொடுவதில்லை. அப்படிப்பட்டவர், கொஞ்ச நாளாக, கரையைப் பார்க்காமலே எஞ்சினைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்க ஆரம்பித்தார்.

"கோபுரம் மலைக்க உச்சிக்கு நேரே வந்தாச்சா சாரே?"

நான் இடத்தைக் கற்றுக்கொண்டு வேறு வள்ளத்துக்குச் சொல்லிவிடுகிறேனா என்று சோதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் இப்படித்தான் செய்வார்கள். தெரிந்ததையே கேட்டு, எதிரே இருப்பவனுக்கு எவ்வளவு தெரியும் என்று ஆழம் பார்ப்பார்கள். நானும் செய்திருக்கிறேன். முகத்தையும் ஒரு பக்கமாகத் திருப்பியே வைத்திருந்தார். மறைக்கிறவன் முகம் என்று எனக்குப் பட்டது.

ஒரு நாள் நானும் சோதித்தேன். கோபுரம் மலை உச்சிக்கு இன்னும் ஒரு சாண் இடதுபக்கம் இருந்தது. அவர் கேட்டார். "வந்தாச்சு" என்றேன். தெரிந்த ஆளானால் சிரிப்பார், அல்லது திட்டுவார். அவர் எஞ்சினை நிறுத்தி நங்கூரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

இரண்டு மணி நேரம் ஒரு மீனும் கொத்தவில்லை. ஈயக்குண்டு மணலில் போய் இடிப்பது கையில் தெரிந்தது. அவர் இரையை மாற்றினார். என் கையை முகர்ந்து பார்த்தார். களிம்பு இல்லை. பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"சாரே, நீங்க பொய் சொன்னீங்களா?"

"ஆமாவே."

"எதுக்கு?"

"நீரு என்னைச் சோதிக்கிறீர்னு நெனச்சேன்."

அவர் சுருட்டிய கயிற்றைக் கீழே வைத்தார். "கோபுரம் எனக்குத் தெரியல்ல சாரே. இரண்டு மாசம் ஆச்சு. வலது கண்ணுல சதை வளருது. இடது பண்டே பார்வ கம்மி, அதுல பாத்தா மல தெரியும், கோபுரம் கலங்கலாக் கிடக்கும். வீட்டுல பறஞ்சுராதீங்க."

அப்போதுதான் அவருடைய முகத்தை நேராகப் பார்த்தேன். வலது கண்ணின் மூக்கோர வெள்ளையிலிருந்து மீன் செதில் போல ஒரு சதை கிளம்பிக் கறுப்புவிழிமேல் ஏறியிருந்தது.

அவர் வீட்டில் அன்று மாலையே சொன்னேன். அவருடைய மனைவி சந்தையில் மீன் விற்பவர். அழவில்லை. "சாருக்கு இப்பதான் தெரியுமா? எனக்கு ஆறு மாசமாத் தெரியும். நான் முள்ளெடுத்து வச்ச மீன எடுத்துட்டு, முள்ளு கிடக்குன்னு பேசுதாரு" என்றார்.

நாகர்கோவில் மருத்துவர் விளக்கிச் சொன்னார். வெயிலும் உப்பும் காற்றும் ஆண்டுக்கணக்கில் பட்டதால் வளர்ந்த சதை. இன்னும் கொஞ்சம் ஏறினால் கண்மணியை மூடும். இப்போதே அறுத்து எடுத்துவிட்டால் பார்வை போகாது. ஆனால் அறுத்த பிறகு பழையபடி வெயிலில் காய்ந்தால் மறுபடி வளரும். அகலமான விளிம்புள்ள தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முடிந்த அளவு நிழல்.

"நிழலுள்ள கடல் எங்க கிடக்கு டாக்டரே?" என்று வள்ளக்காரர் கேட்டார். மருத்துவர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பேருந்தில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். வள்ளத்தில் பந்தல் கட்டிய பிறகுதான் அறுவை. முதலில் அறுத்துவிட்டுப் பிறகு வெயிலில் போய் மறுபடி வளர்ந்தால் இரண்டு தரம் கத்தி. நியாயமாகத்தான் இருந்தது. பயத்தை இவ்வளவு நியாயமாகச் சொல்ல முடியுமா என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது.

வேறு யாராயிருந்தாலும் மறுநாளே நான்கு பைப்பை நட்டு ஒரு தார்ப்பாயைக் கட்டியிருப்பார்கள். கடற்கரையில் அதைத்தான் சொன்னார்கள். நான் விடவில்லை. பதிவுப் புத்தகத்தில் வள்ளத்தின் நீளம், அகலம், அமைப்பு எல்லாம் எழுதியிருக்கிறது. அமைப்பை மாற்றினால் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டி, நாளைக்கு வள்ளத்துக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் முதலில் கேட்பது பந்தலைத்தான். இதைச் சொன்னபோது எல்லோரும் பேசாமலிருந்தார்கள். நான் சொன்னது சரி என்று நினைத்துப் பேசாமலிருந்தார்கள் என்றே அன்று எனக்குத் தோன்றியது.

மாசி மாதம் தொடங்கியதும் மனுவைக் கொடுத்தேன். மருத்துவச் சான்று, பதிவுப் புத்தக நகல், பைப்பின் எடை, அளவோடு ஒரு வரைபடம், இணைப்புப் பட்டியல். வரைபடத்தில் தார்ப்பாய்க்கு நீலப் பென்சிலால் வர்ணமும் அடித்திருந்தேன். குறை சொல்ல முடியாத மனு. குறை சொல்ல முடியாத மனுவைக் கண்டால் ஓர் அலுவலகத்துக்கு என்ன தோன்றும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று நாளில் ஒப்புகை வரவில்லை. மண்டைக்காட்டு அம்மன் கொடைவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை வந்தது, அதைக் கழித்துக் கொடுத்தேன். ஒரு மாதமும் போயிற்று. நேரில் போனேன். இருக்கையில் இருந்த உதவியாளர் எழுந்து நின்றார். நான் ஒரு காலத்தில் எடுத்த பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவராம்.

"சார் கோப்புதானே, மேலே போயிருக்கு" என்றார்.

"மேலேன்னா எங்கே?"

"கருத்துரைக்கு."

"யாருடைய கருத்துரை?"

அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பந்தல் போட்ட படகு என்று மனுவில் இருந்ததால் அது உல்லாசப் படகு இனத்தில் வரலாம் என்று யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள். திற்பரப்பில் அருவிக்கு மேலே சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிற படகுகளைப் பார்க்கும் அலுவலகத்துக்குக் கோப்பு போயிருந்தது. அங்கிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது: ஒரு தடவைக்கு எத்தனை பயணிகள் ஏற்றப்படுவார்கள்?

"அவர் மீன் பிடிக்கிறவர்" என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியும் சார். கோப்புல இல்லையே."

குறிப்பின் கடைசி வரி, உதவியாளரின் கையெழுத்தில், 'இனம் தெளிவுபடுத்தப்படலாம்'. அவசரமில்லாத கோப்பைத் தள்ளிவைக்க இதைவிட மரியாதையான வரி இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அந்தப் பையன் முகத்தைப் பார்த்தேன். வேண்டுமென்று எழுதினானா, மரியாதைக்கு எழுதினானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பயணிகள் இல்லை, மீன் மட்டும்தான் என்று பதில் எழுதிக் கொடுத்தேன். பங்குனி நடுவில் மறுபடி போனேன். இப்போது வேறு கேள்வி. நம் மாநிலத்துப் படகுகளுக்குப் பச்சை வர்ணம், பக்கத்து மாநிலத்துக்கு நீலம். வரைபடத்தில் தார்ப்பாய் நீலமாக இருப்பதால், தூரத்திலிருந்து பார்க்கும் காவல் படகுக்கு அது அயல் மாநிலப் படகாகத் தோன்றாதா என்று கேட்டிருந்தார்கள். என் பென்சில் பெட்டியில் பச்சை மொட்டையாக இருந்ததால்தான் நீலம் அடித்தேன். அதை எழுதிக் கொடுக்க முடியாது. பச்சைத் தார்ப்பாய் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. வள்ளக்காரர் கடலுக்குப் போவதை நிறுத்தவில்லை. நானும் கூடவே போனேன். கோபுரம் வந்துவிட்டதா என்று கேட்பார், சரியாகச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் அவர் ஒரு கணம் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார். அது எனக்கு உரியதுதான். சதை இன்னும் நகர்ந்திருந்தது. இடது உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தூண்டில் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். முடியாமல் என்னிடம் நீட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவும்வே" என்றேன்.

"பந்தலுக்குச் சீட்டு வரட்டும் சாரே. நீங்கதானே ரூல் சொன்னீங்க."

என் விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். சந்தேகமே இல்லை. ஒளிந்துகொள்ள இடம் கட்டிக்கொடுத்தவன் நான்.

அடுத்த முறை அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பி அவர் வீட்டுக்குப் போனபோது, மனைவி சந்தையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"சீட்டு வந்தா?"

"இல்ல. மேலே போயிருக்கு."

"மேலேன்னா வானத்துக்கா?" அவர் கணவரைப் பார்த்தார், பிறகு என்னை. "எனக்கு ரெண்டு பேரு மேலயும் சந்தேகம் உண்டு. இவருக்குக் கத்தியக் கண்டா பயம். சாருக்கு இந்த மனு முடிஞ்சா வேற வேல இல்ல. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லா வாய்ச்சிருக்கீங்க."

"ஏட்டி, சாரப் பேசாத" என்றார் வள்ளக்காரர்.

"சாரத்தான் பேசணும். படிச்ச மனுசன்."

மறுநாள் விடியும்போது வள்ளக்காரரின் மனைவி எங்களுக்கு முன்னால் கரையில் நின்றார். சந்தையில் அவர் மீன் விற்கும்போது தலைக்குமேல் விரித்துவைக்கும் பெரிய குடை தோளில் இருந்தது. ஏழு வர்ணம், ஓரத்தில் ஏதோ பெயின்ட் கம்பெனி விளம்பரம், குடைக்காலாகக் கனமான இரும்புக் கம்பு. வள்ளத்தின் முன்பலகையில் விளக்குக் கம்பு குத்த ஒரு துளை இருக்கிறது. அதில் குடைக் கம்பை இறக்கினார். ஆடியது. பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி இறக்கினார். நின்றது. விரித்து, நாலு பக்கமும் கயிற்றால் வள்ளத்தின் ஓரத்தில் இழுத்துக் கட்டினார். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"இதுக்கு யாருக்க அனுமதி வேணும் சாரே?"

நான் யோசித்தேன். அமைப்பு என்பது நிலையாகப் பொருத்தப்பட்டது. குடை கையில் கொண்டுபோகும் சாமான். தூக்குவாளி மாதிரி, தண்ணீர்க் கேன் மாதிரி. பிறகு வீட்டில் அன்றும் மறுநாளும் குடைக்கு எதிரான விதி ஒன்றைத் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காதது எனக்கு இன்றுவரை சந்தேகமாகவே இருக்கிறது.

"இதுக்கு வேண்டாம்" என்றேன்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு நாளு கேட்டாச்சு. வருத செவ்வாய்க்கிழம." இதை அவர் கணவரைப் பார்த்துச் சொன்னார். வள்ளக்காரர் குடையைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

அப்படியானால் சந்தையில் மீன் விற்கிறவருக்கு நிழல்? கேட்டேன். பக்கத்தில் விற்பவளின் குடையில் பாதி இடம் இருக்கிறது என்றார். அந்தப் பாதி எவ்வளவு நாளைக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அறுவை நடந்தது. அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். ஒரு மாதம் கடல் கூடாது என்றார்கள். அந்த ஒரு மாதமும் கறுப்புக் கண்ணாடி பீரோவிலிருந்து வெளியே வந்து, வீட்டுக்குள்ளேயும் முகத்தில் இருந்தது. வைகாசி பிறந்ததும் குடையோடு கடலுக்குப் போனோம். ஓடும்போது மடக்கிவைப்போம், நங்கூரம் விழுந்த பிறகு விரிப்போம், காற்று கூடினால் கயிற்றைத் தளர்த்துவோம். நிழல் வட்டம் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். கீழிருந்து வரும் வெயிலுக்கு அவருக்குக் கண்ணாடி, எனக்குக் களிம்பு. பக்கத்து வள்ளங்களிலிருந்து மீன் என்ன விலை என்று கூவிக் கேட்டார்கள். காவல் படகு ஒருமுறை அருகே வந்து, குடையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனது. அவர்கள் என்ன எழுதிவைத்தார்கள் என்று தெரியாது.

முதல் நாள் எஞ்சினை நிறுத்தும்போது பழக்கத்தில் நான் சொன்னேன்: "கோபுரம் வந்தாச்சு."

"இன்னும் ஒரு சாண் இருக்கு சாரே" என்றார் அவர். மறுபடியும் பார்த்தேன். இருந்தது.

மழை தொடங்கி, கடல் கலங்கி, வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்த பிறகு ஒரு முற்பகலில் அவர் அதே குடையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தபால்காரர் அப்போதுதான் கொடுத்துவிட்டுப் போனாராம். பழுப்பு உறை, ஓரம் நனைந்திருந்தது. நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் அவரே பிரித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் படித்தார். பச்சை நிறத் தார்ப்பாய் கொண்டு தற்காலிகப் பந்தல் அமைத்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது. பயணிகளை ஏற்றக் கூடாது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் தடங்கலில்லாமல் படித்தார். இவ்வனுமதி நடப்புக் கோடைக்கு மட்டும், மே 31 வரை செல்லும்.

கடிதத்தை வாங்கி, வழக்கப்படி வலது மேல் மூலையில் கிடைத்த தேதியைக் குறித்தேன். ஜூன் 1.